அலறல் முடிகிற இடம்

என்னிடம் நாற்பத்தொரு கேசட்டுகள் இருக்கின்றன. எல்லாம் வானொலியில் வந்த சினிமா விளம்பரங்கள். பெரிய நடிகர்களின் படங்களுக்கானவை அல்ல. பேய்ப் படம், பாம்புப் படம், காட்டுக்குள் அரைகுறை ஆடையோடு பெண்கள் ஓடும் படம், வேறு மொழியில் என்றோ எடுத்துத் தமிழில் வாயசைவு பொருந்தாமல் பேச வைத்த படம். எல்லா விளம்பரத்திலும் ஓர் ஆண்குரல், "இருதய பலவீனம் உள்ளவர்கள் துணையோடு வரவும்" என்று எச்சரிக்கும். உடனே ஒரு பெண் அலறுவாள். எல்லாவற்றிலும் அதே அலறல்தான்.

அலறுவது என் அக்கா. நாற்பத்திரண்டாவது கேசட் ஒன்று உண்டு. அது இப்போது என்னிடம் இல்லை.

எங்களுக்கு விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் வீட்டை நடத்தியது அக்காதான். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். ஊர் ஊராகச் சுற்றப் பிடிக்கும் என்பதால் இருபது வயதில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பட விநியோக ஆபீசில் சேர்ந்தேன். படப்பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, தியேட்டரில் சேர்த்து, ஓடி முடிந்ததும் திரும்ப எடுத்து வரும் வேலை. எங்கள் முதலாளி கீறல் விழுந்த பழைய படங்களை வாங்கிப் பெயரை மாற்றி மறுபடி வெளியிடுவார். சுவரொட்டியை ஆடு தின்றுவிடும், மழை கரைத்துவிடும், ரேடியோவை யாரும் தின்ன முடியாது என்பார்.

அந்த விளம்பரங்களைப் பதிவு செய்தது ஒரு வாட்ச் கடைக்கு மேலே இருந்த ரெக்கார்டிங் சென்டரில். ஒரே அறை. சுவரெல்லாம் சாக்கு அடித்திருக்கும். அதை நடத்தியவர் மேலப்பாளையத்து பாய். ஆண்குரலும் அவருடையதுதான். பெண்குரலுக்கு மெல்லிசைக் குழுவில் பாடும் ஓர் அம்மாள் வருவார்.

அக்கா ஒருநாள் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுத டவுனுக்கு வந்திருந்தாள். பரீட்சை முடிந்து ஊர் திரும்பும் பாபநாசம் பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் உட்காரட்டும் என்று பாயின் அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பேய்ப்பட விளம்பரம் பாதியில் நின்றிருந்தது. மெல்லிசை அம்மாள் மறுநாள் கச்சேரி இருக்கிறது, தொண்டை போய்விடும், கத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாய் என்னைக் கத்தச் சொன்னார். கத்தினேன்.

"ஆட்டை அறுக்குத மாதிரி இருக்கு வே" என்றார் பாய்.

அக்கா எழுந்து வந்தாள். "தள்ளுலே. நான் கத்துதேன்."

அவள் குரல் எங்கள் தெருவுக்கே தெரியும். மில் சங்கு ஊதும்போது அவள் என்னைக் கூப்பிட்டால், சங்கைத் தாண்டி ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். பரீட்சைக்குப் போட்ட பின்னலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மைக்குக்கு முன்னால் நின்று ஒரே ஒரு தடவை அலறினாள். பாயின் தேநீர் மேசையில் கொட்டியது. கீழேயிருந்து வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டிய லென்சோடு படியேறி ஓடிவந்தார். அவரைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாயிடம் ஏதோ சொன்னாள். பாய் அவளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எனக்குத் தந்தாள்.

பேய்ப் படம் நன்றாக ஓடியது. அடுத்து வந்த பாம்புப் படத்துக்கும் பாய் அதே அலறலைப் போட்டார். பிறகு எல்லாப் படத்துக்கும் அதுதான். வானொலிக்கு ஒரு பிரதி போகும். தியேட்டருக்கு ஒரு பிரதி, ஆட்டோவில் குழாய் கட்டிச் சுற்றிவர. ஒவ்வொரு பிரதியையும் மூலக் கேசட்டிலிருந்து பாய் கையாலேயே எடுப்பார். அலறல் முடிந்ததும், சிரிப்பு தொடங்கும் முன், பாஸ் பட்டனை அழுத்துவார். இதைப் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது அதில் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் அக்காவைத் திசையன்விளையில் கொடுத்தோம். அத்தானுக்குப் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. அத்தான் அமைதியான ஆள். அக்காவைப் பற்றிப் பேசும்போது மற்ற ஆண்களைப் போல "எங்க வீட்டுல" என்றுதான் சொல்வார். ஆனால் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கம் இருக்கும். "எங்க வீட்டுல தோசை நல்லாச் சுடுவா" என்று சரக்கு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைப்பொங்கலுக்குப் பானையும் கரும்பும் மஞ்சள் குலையுமாகச் சீர் கொண்டுபோனது நான். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அலமாரிக்கு மேலே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து எங்கள் ஆபீஸ் படத்தின் விளம்பரம் வந்தது. பாய் எச்சரித்தார். அக்கா அலறினாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த மூதி எவளோ என்று ஒருவர் கேட்டார்.

"எங்க அக்காதான் அது" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். ரேடியோவில் குரல் வருவது எங்கள் தெருவில் பெரிய காரியம். சிரித்தவர்கள் திரும்பி அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் லேசாகச் சிரித்துவிட்டு, பருப்பை நிறுத்துப் பொட்டலம் கட்டினார். திரையை விலக்கிக்கொண்டு அவருடைய அம்மா வந்தார். ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் அத்தானுக்குப் பேய்ப் புருசன் என்று பெயர் விழுந்தது. காலையில் கடை திறக்கும்போதே, "என்ன வே, இன்னைக்கு எத்தன காட்சி?" என்று கேட்பார்களாம். அந்தப் படங்களின் சுவரொட்டிகளில் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அலறியவளும் அப்படித்தான் நின்று அலறியிருப்பாள் என்று பேச்சு. அத்தான் அக்காவை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. இனி உன் சத்தம் திரைக்கு இந்தப் பக்கம் கேட்கக் கூடாது என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான். "எங்க வீட்டுல" என்பதையும் விட்டுவிட்டார். எதுவானாலும் "உள்ள கேட்டுச் சொல்லுதேன்" என்பார்.

இதெல்லாம் எனக்கு அடுத்த தடவை போனபோதுதான் தெரிந்தது. அக்கா எனக்குத் தோசை வைத்துக்கொண்டிருந்தாள். பேசுவது என் காதுக்கே எட்டவில்லை. காய்ச்சலா என்று கேட்டேன்.

"ஏன்லே சொன்ன?" என்றாள்.

"பெருமையாத்தானக்கா சொன்னேன்."

"பெருமதான்" என்றாள். இன்னொரு தோசையைத் தட்டில் போட்டாள். "பெருமதான். தின்னு."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர அங்கே தாய் இல்லை. அதனால் அங்கேயே பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பெண் குழந்தையை ஒரு துண்டில் சுற்றி அத்தானின் அம்மா வைத்திருந்தார். அக்கா இல்லை. உள்ளுக்குள் இரத்தம் போயிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. பிரசவ வார்டில் இருந்த நர்ஸ் எங்களை விட வயது குறைந்த பெண். அழுதுகொண்டே சொன்னாள்.

"சத்தம் போடுதவங்களத்தான் ஓடி ஓடிப் பாத்தோம். இவங்க சுவரப் பாத்துப் படுத்து முந்தானையக் கடிச்சுக்கிட்டே கெடந்திருக்காங்க. ஒரு சத்தம் குடுத்திருந்தாங்கன்னா வந்திருப்போம்."

கேட்ட எல்லோரும் அழுதார்கள். நானும் அத்தானும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த மாதமே ஆபீஸ் வேலையை விட்டேன். படப்பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் விளம்பரக் கேசட்டும் கூடவே வரும். அதனால் முடியவில்லை. நாகர்கோவிலில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். உப்பளத்தில் ஒரு கோடை, திருப்பூரில் ஒரு வருடம். ஓரிடத்தில் நான்கு மாதம் இருந்தால் கால் அரிக்கும். சாப்பாடு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் வருடத்துக்கு ஒருமுறை திசையன்விளைக்குப் போவேன். அத்தான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை அவருடைய அம்மாதான் வளர்த்தார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பதால் அவள் பேச்சு உதட்டோடு நிற்கும். நான்கு வயதில் ஒருநாள் கல்யாணப் போட்டோவை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"மாமா, எங்க அம்ம எப்படிப் பேசுவா?"

அக்காவின் குரல் இந்த உலகத்தில் பதிந்திருப்பது ஓர் அலறலாக மட்டும்தான். அதைப் பிள்ளைக்குப் போட்டுக் காட்ட முடியாது. அப்போதுதான் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

ஜங்ஷனுக்குப் போனேன். பாயின் அறை டெலிபோன் பூத்தாகியிருந்தது. பாய் வளைகுடாவுக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார் வாட்ச் கடைக்காரர். சரி, தியேட்டர்களுக்குக் கொடுத்த பிரதிகள் இருக்குமே என்று தேடத் தொடங்கினேன். நான் பெட்டி சுமந்த ஊர்கள்தான் எல்லாம். பாதித் தியேட்டர்களில் கேசட்டின் மேலேயே பக்திப் பாட்டைப் பதிந்துவிட்டிருந்தார்கள். ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு கொட்டகை ஆபரேட்டருக்கு என்னைப் பார்த்து ஆச்சரியம். "ஏலே கிறுக்கா, எல்லாரும் பிட்டுப் படத் துண்டக் கேட்டு வருவானுவ. நீ வெளம்பரக் கேசட்டக் கேக்க?" என்று சொல்லி, எலி கடித்த அட்டைப்பெட்டியோடு தந்தார்.

பாயின் விரல் எல்லா நேரமும் ஒன்றுபோல் இருந்ததில்லை. சில பிரதிகளில் அலறல் முடியும் முன்பே வெட்டிவிட்டார். சிலவற்றில் அலறலுக்குப் பின் மூச்சை இழுப்பது கேட்கும். ஆழ்வார்திருநகரிக் கேசட்டில் மூச்சுக்கும் ஏதோ தடதட சத்தத்துக்கும் பிறகு ஒரு "ஹ" இருந்தது. அது சிரிப்பின் முதல் எழுத்து. அந்த "ஹ"வைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டிருக்கிறேன். இன்னொரு கேசட்டில் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும் என்றுதான் நாற்பத்தொன்று சேர்ந்தது. அந்த "ஹ"வைத் தாண்டி ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பாய் மகள் கல்யாணத்துக்காக ஊர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு மேலப்பாளையம் போனேன். தாடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "அக்கா நல்லாருக்காளா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். மரணச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்லும் வார்த்தைகளை மெதுவாகச் சொன்னார். எழுந்து போய், பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். மூலக் கேசட் அதில் இருந்தது.

"இதுல சிரிப்ப அழிக்க மனசு வரல. அது நல்லாருந்துச்சு" என்றார்.

டேப்ரெக்கார்டரில் போட்டார். அலறல். மூச்சு. படியில் யாரோ ஓடிவரும் சத்தம். பிறகு சிரிப்பு, முழுதாக. மூச்சு முட்ட, நிறுத்தி, மறுபடி தொடங்கி. சிரிப்புக்கு நடுவிலேயே அவள் பேச்சு.

"போதுமா பாய்? இல்ல இன்னொருக்க சாகணுமா?"

பாயின் பழைய குரல், "போதும் தாயி, போதும்" என்றது. பட்டன் விழும் சத்தம்.

அன்றைக்கு அவள் என்ன சொன்னாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். கேசட்டை எடுத்து என் கையில் வைத்து, இரண்டு கையாலும் மூடினார்.

திசையன்விளைக்கு அன்று பிற்பகலே பஸ் ஏறினேன். பிள்ளைக்குச் சிரிப்பு மட்டும் போதும், சாகிற பேச்சு வேண்டாம் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். பென்சிலைச் செருகிச் சுற்றி அலறலைத் தாண்டி நிறுத்தி வைத்தேன். அத்தான் கடையில் இருந்தார். வா என்று தலையசைத்தார். உள்ளே அவருடைய அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டு டேப்ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பேச்சு வரும் முன் நிறுத்த வேண்டும் என்று விரலைப் பாஸ் பட்டனில் வைத்திருந்தேன். எனக்குப் பாயின் விரல் இல்லை. பேச்சும் வந்துவிட்டது.

கீரை உருவிய கை நின்றது.

"இப்படிச் சிரிப்பாளா?" என்றார் அத்தானின் அம்மா.

"சிரிப்பா" என்றேன்.

அடுத்துப் பிள்ளை கேட்டாள், அந்தச் சின்னக் குரலில்.

"எதுக்கு மாமா சிரிக்கா? முன்னால என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. நான் தடுக்கும் முன் கையை நீட்டிப் பின்னால் சுற்றும் பட்டனை அழுத்திவிட்டாள். பிறகு ஓடவிட்டாள்.

அக்கா அலறினாள். அந்த வீட்டில் அவ்வளவு பெரிய சத்தம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிள்ளை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. அத்தானின் அம்மா எழுந்து வந்தார். அவர் கை குமிழ் வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

திரைக்கு அந்தப் பக்கம் எதிர்க் கடைக்காரர் தெருவைத் தாண்டி ஓடிவந்து கேட்டார்.

"என்ன அண்ணாச்சி சத்தம்? யாரு அது?"

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு, படிச் சத்தம். அக்கா சிரிக்கத் தொடங்கியிருந்தாள். அத்தான் தராசில் போட்ட எடைக்கல்லைத் திரும்ப எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்.

"எங்க வீட்டுல."