ஒற்றைக் காதுப் பூனையைத் தேடிய பகல்

போன கிழமை எங்கள் வீட்டு வாசல் படலையடியில் ஒரு பெடியன் சைக்கிள் மணி அடித்தான். என் மகனின் வகுப்புக் கூட்டாளி. யாழ்ப்பாணத் தியேட்டருக்கு வந்திருக்கும் சாகச வீரன் படம் ஒன்றுக்கு மகனைக் கூட்டிப்போக வந்திருந்தான். இரண்டு பேரும் போகப்போவது எனக்கு முதல்நாளே தெரியும். ஆனாலும் மணிச்சத்தம் கேட்டதும் என் வாய் தன்பாட்டில், "தம்பி இல்லையப்பு, வெளியிலை போயிட்டான்" என்று சொல்லிவிட்டது.

மகன் எனக்குப் பின்னால் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். "அம்மா, நான் இஞ்சைதானே நிக்கிறன்!" என்றான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். பின்னேரம் திரும்பி வந்து, சோற்றைப் பிசைந்தபடி, தான் படத்தில் கண்டுபிடித்ததையெல்லாம் சொன்னான். வீரனுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய கிழிந்த சுவரொட்டி, மூலப் புத்தகத்தின் முதல் அட்டையாம். பேருந்தில் நித்திரை கொண்ட கிழவர், அந்தக் கதையை எழுதியவராம். "உங்களுக்கு உதெல்லாம் விளங்காது. நீங்கள் பின்னாலை என்ன இருக்கெண்டு பாக்கவே மாட்டியள்" என்றான்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அவனுடைய வயதுக்கு முன்பே இருந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. காங்கேசன்துறையில் எங்கள் வீட்டைவிட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, வலிகாமத்தின் தெற்குப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், தெரிந்தவர்கள் கொடுத்த வீட்டில் இருந்தோம். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா, ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனவர், பாதை பூட்டியதால் அங்கேயே அகப்பட்டுவிட்டார். வீட்டில் அம்மா, அண்ணை, நான். ஓடிவரும்போது அம்மா சாமிப்படத்தைத் தூக்கினார். அண்ணை ஒரு கோதுமை மாப்பை நிறையச் சித்திரக்கதைப் புத்தகங்களைத் தூக்கினார். அதற்காக அவர் வாங்கிய பேச்சு புது வீட்டுக்கு வந்து பல மாதமாகியும் ஓயவில்லை.

அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் ஒரே வீரன். பகலில் கடிகாரம் திருத்துவான். பொழுதுபட்டதும் செம்புக் கவசம் பூட்டிக்கொண்டு கூரைக்குக் கூரை தாவுவான். வரைந்தவர் ஒரு குறும்பு செய்திருந்தார். ஒவ்வொரு கதையிலும் ஏதாவது ஒரு மூலையில் ஒற்றைக் காதுப் பூனை ஒன்றை ஒளித்து வைத்திருப்பார். கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அண்ணைக்கே தெரியாத இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தவர், ஒழுங்கையின் கடைசிவீட்டு அண்ணை. என் அண்ணையின் உயிர்க்கூட்டாளி. "எடி சின்னவள், வீரனைப் பாக்காதை. அவன்ரை முதுகுக்குப் பின்னாலை பார்" என்று எனக்கும் பழக்கிவிட்டார். அன்றிலிருந்து மூன்று பேருக்கும் போட்டி. முதலில் காண்பவர் "பிடிச்சன்!" என்று கத்த வேண்டும். பெரும்பாலும் நான்தான் கத்துவேன்.

அண்ணையின் வகுப்பில் அந்த வருடம் கதிரைகள் காலியாகத் தொடங்கியிருந்தன. போராட இயக்கத்துக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவதில்லை. காலையில் ரியூசனுக்கென்று போன சைக்கிள் பின்னேரம் ஏதாவது ஒரு சந்தியில் தனியே சாத்தியிருக்கும். பிள்ளையைப் பெற்ற தாய்மார் ஒவ்வொருவரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்ட காலம் அது.

அம்மா எங்கள் வீட்டிலும் அதற்கான அடையாளங்களைக் கண்டுவிட்டார். ஒருவரும் கேட்காமலே அண்ணை கிணற்றுக் கயிற்றை மாற்றினார். தலைமயிரை ஒட்ட வெட்டினார். பொரித்த மீனின் நடுத்துண்டுக்கு என்னோடு சண்டை பிடிப்பவர், அதைத் தன் கோப்பையிலிருந்து எடுத்து என் கோப்பையில் வைத்தார். மாப்பையோடு புத்தகங்களை என்னிடம் தந்து, "இனி உன்ரை" என்றார். எனக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. பிறகு, வேலிக்கரையில் அண்ணையும் கடைசிவீட்டு அண்ணையும் குசுகுசுத்தபோது "ஞாயிறு மத்தியானம்" என்ற சொல் மட்டும் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. இதெல்லாம் வெகுகாலத்துக்குப் பின் அம்மா வாயால் நான் கேட்டது.

அந்த ஞாயிறு, வீட்டில் படம் ஓடப்போகிறது என்று அம்மா அறிவித்தார். நான் புலமைப்பரிசில் சோதனை எழுதி முடித்ததற்காகவாம். அதுவும் எங்கள் செம்புக் கவச வீரனை வைத்து வெள்ளைக்காரர் எடுத்த படம். எங்கே தேடிப் பிடித்தாரோ தெரியாது. தீபாவளிக்குக்கூடப் புதுச்சட்டை வேண்டாமென்ற அம்மா எனக்காக இவ்வளவு செய்கிறாரே என்று நான் பூரித்துப் போனேன்.

மின்சாரம் இல்லாத வருடங்கள் அவை. ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு விடும் மனிதர் சைக்கிள் பெட்டியில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு காலைச் சாப்பாடு முடிந்த கையோடு வந்துவிட்டார். யன்னல்களுக்குப் போர்வை கட்டும்போது, "பகல்லை ஓட்டுறதுதான் அக்கா நல்லது. இரவிலை வெளிச்சத்தைக் கண்டானெண்டால் மேலை பிளேனிலை குண்டோடை வாறவனும் படம் பாக்க இறங்கிடுவான்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. ஜெனரேற்றருக்கு ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டிக் கிளப்பி, அது நம்பி ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டார். அப்படித்தான் அப்போது எல்லா இயந்திரமும் ஓடியது. முற்றம் முழுக்க வெள்ளைப்புகை.

படம் ஆங்கிலம். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எங்களுக்குக் கதை தெரிந்ததால் அது தேவைப்படவும் இல்லை. ஜெனரேற்றர் இளைக்கும்போதெல்லாம் படம் நாலு பக்கமும் சுருங்கி ரீவியின் நடுவுக்கு வந்துவிடும். நானும் அண்ணையும் பாயோடு நகர்ந்து நகர்ந்து கிட்டப் போனோம். பூனை இருந்தது! படம் எடுத்தவர்களுக்கும் அந்தக் குறும்பு தெரிந்திருந்தது. முதலில் ஒரு சிறுபிள்ளையின் விளையாட்டுச் சாமானாக வந்தது. "பிடிச்சன்!" பிறகு ஒரு கடைப்பலகையில். அதை அண்ணை பிடித்தார். டெக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உது படமோ, கள்ளன் பொலிஸ் விளையாட்டோ? வாயை மூடிக்கொண்டு பாருங்கோவன்."

அண்ணை சிரித்தார். பல நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இடுப்பில் சாறம் கட்டிக்கொண்டு திரிபவர் அன்று நீளக் காற்சட்டையும் சேட்டும் போட்டிருந்தார். அதை நான் கண்டேன். கண்டதோடு சரி.

அம்மா வாசல் கதவில் முதுகைச் சாய்த்து இருந்தார். ரீவிப் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, படத்தைப் பாருங்கோவன்."

"நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீ பார்."

உச்சி வெயில் நேரம் படலையில் சைக்கிள் மணி கேட்டது. ஜெனரேற்றர் இரைச்சலில் மெல்லியதாகத்தான் கேட்டது. அண்ணைக்குக் கேட்டதோ தெரியாது. அம்மா என்னைக் கையைக் காட்டிக் கிட்டக் கூப்பிட்டு, காதுக்குள், "அண்ணை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வா" என்றார். பூனை வரும் நேரத்தில் எழுப்புகிறாரே என்ற கோபத்தோடு ஓடினேன்.

கடைசிவீட்டு அண்ணை ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி சைக்கிளில் இருந்தார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் என் தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்தார். போர்வை கட்டிய யன்னல், முற்றத்துப் புகை, உள்ளேயிருந்து வந்த துப்பாக்கிச் சத்தம்.

"அப்பிடியோ?" என்றார். "படம் ஓடுதோ?"

"ஓம். எங்கடை ஆளின்ரை படம்."

"பூனை வந்ததோ?"

"ரண்டு வந்திட்டுது. ஒண்டு நான் பிடிச்சது."

"கெட்டிக்காரி." நிலத்தில் ஊன்றிய காலை எடுத்துப் பெடலில் வைத்தார். "அண்ணை வந்தால், நான் வந்துபோனதெண்டு சொல்லு. அப்ப வாறன்."

நான் உள்ளே வந்ததும் அண்ணை திரும்பி, "ஆர் வந்தது?" என்று கேட்டார். "மீன்காரன்" என்றார் அம்மா. அப்போதுதான் முதல்முறையாக அவர் கண் ரீவிக்குப் போனது. அண்ணை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில், வீரன் திருத்திக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடியில் ஒற்றைக் காதுப் பூனை ஒன்று தெரிந்தது. "பிடிச்சன்!" என்று கத்தினேன். சொல்ல வந்தது அதோடு போய்விட்டது.

படம் முடியும் தறுவாயில் ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது. "எண்ணெய் முடியுதக்கா" என்றார் டெக்காரர். அம்மா குசினிக்குப் போனார். லாம்பையும் ஜாம் போத்தல் விளக்குகளையும் எடுத்துவந்து, திரியை உருவி, எல்லா மண்ணெண்ணெயையும் ஜெனரேற்றருக்குள் வார்த்தார்.

"அக்கா, இரவைக்கு என்ன செய்வியள்?"

"இரவைக்குப் பிறகு பாப்பம். நீர் முதல்லையிருந்து போடும்."

நான் துள்ளிக் குதித்தேன். அண்ணை குதிக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த வெறும் போத்தலைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். எழும்பவில்லை. இரண்டாம் தரம் படம் ஓடி முடிய வெயில் சாய்ந்துவிட்டது. அண்ணை படலைக்குப் போய் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, சாறத்துக்கு மாறினார்.

மறுநாள் விடிய, கடைசிவீட்டு அண்ணையின் தாய், நான் மாமி என்று கூப்பிடுபவர், வந்தார். வாரிக் கட்டாத தலை. "எங்கடை அவன் நேற்று இஞ்சை வந்தவனோ பிள்ளை?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார். எனக்குத் தெரிந்த கேள்வி. நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் மாமி. மத்தியானம் வந்தவர். நீலக் கோடு போட்ட சேட். ரண்டாவது பொத்தான் கறுத்த நூலாலை தைச்சிருந்தது. மணிக்கூடு கட்டேல்லை, கட்டுற இடம் மட்டும் வெள்ளையாயிருந்தது. கரியரிலை பொலித்தீன் பையுக்கை சாறம். முன் சில்லுக்குக் காத்துக் காணாது. றோட்டுப் பக்கம்தான் போனவர்."

ஒன்றையும் விடாமல் சொன்ன பெருமையில் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். கிணற்றடியில் வாளி கயிற்றோடு உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அண்ணை அங்கே நின்றபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி நிலத்தில் குந்திவிட்டார். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். ஆனால் மாமியைத் தொடவில்லை.

கடைசிவீட்டு அண்ணை திரும்பி வரவில்லை. என் அண்ணையை அம்மா பயணப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கும், பிறகு வெளிநாட்டுக்கும் அனுப்பிவைத்தார். அம்மா இருந்தவரைக்கும் தொலைபேசியில் அண்ணை அவரிடம் சுகம் விசாரித்தார். வேறு எதுவும் கதைத்ததை நான் கேட்டதில்லை. மாமிக்கு ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று நானும் அம்மாவைக் கேட்டதில்லை. நானும் ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு கேட்கும் துணிவும் போய்விட்டது.

அந்த நாட்களில் மாமி அடிக்கடி வருவார். அம்மாவோடு கதைக்க மாட்டார். படலையடியில் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, என்ன சேட் போட்டிருந்தவன்?" என்று தொடங்குவார். நான் முதலிலிருந்து சொல்வேன். பொத்தானைச் சொல்லும்போது கண்ணை மூடுவார். முடிந்ததும், "வேறை?" என்பார். நான் யோசித்து யோசித்துப் புதிதாக ஒன்றைத் தேடிக்கொடுப்பேன். சைக்கிள் மணியின் மூடியில் இருந்த நெளிவு. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பவுடர். "வேறை?"

ஒருநாள் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தோற்க எனக்கு மனமில்லை. "ஒழுங்கை திரும்புற முடக்கிலை சைக்கிளை நிப்பாட்டி, திரும்பி உங்கடை வீட்டுப் பக்கம் பாத்தவர் மாமி. கனநேரம் பாத்தவர்" என்றேன்.

மாமி ஒழுங்கையைப் பார்த்தார். எங்கள் படலையில் நின்றால் அந்த முடக்குத் தெரியாது. பக்கத்து வளவின் உயரமான பனையோலை வேலி மறைத்துவிடும். ஆயிரம் தடவை அந்த வழியால் போய்வந்தவர் அவர்.

"பாத்தவனோ?" என்றார்.

"ஓம் மாமி."

என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அன்றைக்கு "வேறை?" என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை. நான் சொன்னதை மாமி நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.