வெள்ளை வந்தால் வவுனியா

வியாபார முகாமைத்துவம் படிக்க, பல்கலைக்கழகப் படிவத்தில் முதலாவதாக யாழ்ப்பாணத்தைப் போடுவதா வவுனியாவைப் போடுவதா என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கிழமையாகச் சண்டை. எனக்கு யாழ்ப்பாணம்தான் வேண்டும். கடைசியில் அம்மா எங்கள் ஊர் வற்றாப்பளை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்பு வந்தால் யாழ்ப்பாணம், வெள்ளை வந்தால் வவுனியா. நான் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. அம்மனைத் திட்டிக்கொண்டே வவுனியாவுக்குப் போனேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. போர் மூண்டு ஊருக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. அதன்பின் நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

போர் முடிந்தபோது, வவுனியா அகதி முகாமின் முட்கம்பிக்கு அப்பால் தங்கை மட்டும் நின்றாள். அம்மா ஷெல் விழுந்து செத்துப்போனதைச் சொன்னாள். பிறகு இதையும் சொன்னாள்.

"அக்கா, அண்டைக்கு அம்மா ரெண்டு பொட்டலத்திலயும் வெள்ளைப் பூத்தான் வைச்சவா. கிட்ட இருந்தால் நீ கிழமைக்குக் கிழமை வீட்டை வருவாய் எண்டு."