மூன்று ஆடும் ஒரு அடைப்புக்குறியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தயங்கினேன். படித்தது எட்டாம் வகுப்பு, அதுவும் பாதி. குடும்பத்து விஷயத்தை வெளியே சொல்கிறாளே என்பார்கள். சொல்லட்டும். பிஸ்மில்லாஹ் என்று ஆரம்பித்துவிட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு தையல் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதச் சொல்லித் தந்தார்கள். காட்டாங்குளத்தூர் காலேஜில் படிக்கிற ஒரு பெண்தான் டீச்சர். கூட்டல், கழித்தல் குறிகள் நமக்குத் தெரிந்தவைதான். பெருக்கலுக்கு நட்சத்திரம், வகுத்தலுக்குச் சாய்கோடு. எனக்குப் பிடித்துப்போனது.

என் கொழுந்தனுக்குப் பிடிக்கவில்லை. "இந்த வயசுல இன்னா அண்ணி, கம்ப்யூட்டர் கிளாஸு? பக்ரீத்துக்குப் பங்கு போடுவீங்களா அதுல? தப்பா வந்துச்சுன்னா கிளாஸை நிறுத்திடணும்." என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். நான் சரியென்று தலையாட்டவில்லை.

பக்ரீத் பெருநாளன்று எங்கள் கூட்டுக் குடும்பத்தில் மூன்று ஆடு குர்பானி. கறி பதினாலு கிலோ, பதினாறு, பதினைந்து. எல்லாவற்றையும் சேர்த்து மூன்று பங்கு வைப்போம்: வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று. ஏழைகள் பங்கு பெரும்பாக்கத்துக்குப் போகும். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பைத் திறந்து, எல்லார் முன்னாலும் அடித்தேன்:

14 + 16 + 15 / 3

முப்பத்தைந்து என்று வந்தது.

கொழுந்தன் எட்டிப் பார்த்தார். "ஒரு பங்கு முப்பத்தஞ்சா? அப்ப மூணு ஆட்டுல நூத்தியஞ்சு கிலோ! நாப்பத்தஞ்சு கிலோ இப்படிப் பெருகிடுச்சே, பரக்கத்துன்னா இதான் அண்ணி பரக்கத்து!" கறி வெட்டுகிற பாய்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

காது சுட்டது. ஆனாலும் அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொழுகை வரிசையில் முந்தி வந்தவர் முந்தி நிற்பார். பெரியவர், பணக்காரர் என்று யாருக்கும் தனி இடம் கிடையாது. மெஷினும் அப்படித்தான் வந்த வரிசையில் கணக்குப் போடும் என்ற நினைப்பில் அடித்துவிட்டேன். அது அப்படியில்லை. வகுத்தலுக்கும் பெருக்கலுக்கும்தான் முதல் மரியாதை. கடைசி ஆட்டை மட்டும் மூன்றாக வகுத்துவிட்டு, மற்ற இரண்டையும் முழுசாக அதோடு கூட்டியிருந்தது. டீச்சர் சொன்னதுதான், கை மறந்துவிட்டது.

"பேசினது பேசினதுதான் அண்ணி. கிளாஸ் கட்!"

"நிறுத்தறேன்னு நான் எப்பத் தம்பி சொன்னேன்? நீங்கதான் சொல்லிக்கிட்டீங்க. தப்பு வர்றவங்களுக்குத்தான் கிளாஸு. தப்பே வராதவங்க நீங்க, கறியைப் பையில போடுங்க."

மூன்று ஆட்டையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டேன்.

(14 + 16 + 15) / 3

பதினைந்து. தராசும் அதையேதான் சொன்னது. அல்ஹம்துலில்லாஹ்.

யாரும் பாராட்டவில்லை. வீட்டுக்காரர் பெரும்பாக்கத்துப் பைகளை வண்டியில் மாட்டிக்கொண்டே கேட்டார், என்னைப் பார்க்காமல்: "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குக் கிளாஸு?"

"பத்துக்கு. நீங்க விடாட்டியும் நான் பஸ்ல போவேன்."

அவரேதான் கொண்டுபோய் விட்டார். இன்றைக்கும் போகிறேன்.

படித்தவர்களே, இதை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது என்னைக் கெட்டிக்காரியாக்கி, அந்த முப்பத்தைந்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது வந்த இடத்திலேயே இருக்கட்டும். அது வந்த பிறகும் நான் எழுந்து போகவில்லை.