ஃபேனுக்கு அடியில ஒரு வேட்டி

போளூர்ல பேத்தி வளைகாப்பு. பந்தியில உக்காந்து எலையில அப்பளம் வுழுந்த நேரத்துக்கு ஃபோன் வந்துச்சு. எங்க சாருக்குப் பக்கத்து வூட்டு செல்வி.

"தணிகாசலம் சாரு போய்ட்டாருண்ணே. பாத்ரூம்ல வுழுந்து கெடந்திருக்காரு. மத்தியானம் வரைக்கும் பால் பாக்கெட்டு கேட்டுலயே தொங்குச்சேன்னு கதவ ஒடச்சோம். கொஞ்சம் முன்ன கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டரு சொல்றாரு."

அப்படியே எழுந்து பஸ் ஏறிட்டேன்.

சாரத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எம்பத்தொம்போதுல திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனப்ப வேலூர்லேந்து கலெக்டர் ஆபீசுக்கு மாத்தலாகி வந்தவரு. வேங்கிக்கால்ல என் சைக்கிள் கடைக்கு பஞ்சர் ஒட்ட வந்து, "சீக்கிரம்யா, ஆபீசுக்கு லேட்டாவுது"ன்னாரு. "நீங்க லேட்டாப் போனா ஜனங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார்"னேன். மொறச்சாரு. அப்பறம் வயித்தப் புடிச்சுக்கினு சிரிச்சாரு. அன்னையிலேந்து நான் அவருக்கு "பஞ்சரு".

ரிட்டயர் ஆவுற வரைக்கும், ஆனப்பறமும், பவுர்ணமி தவறாம மலை சுத்துவாரு. சம்சாரம் போனப்பறம் அது ஒண்ணுதான் புடிமானம். ஒரு தடவ பாதி வழியில மயக்கம் போட்டுட்டாரு. பையன் குமரேசன் பெங்களூர்லேந்து ஓடியாந்தான். கம்ப்யூட்டர் வேல.

"இனிமே மலை சுத்தினீங்கன்னா பெங்களூருக்கு இட்டுனு போயிடுவேன்"னான்.

"அங்க நாலாவது மாடிப்பா. எனக்கு அங்க யாரத் தெரியும்?"

கடைசியில அப்பாவ இங்கயே வுட்டுட்டு, ஹால் செவுத்துல ஒரு மெஷின் மாட்டிட்டுப் போனான். யாராவது அசைஞ்சா செவப்பு லைட் மினுக்கும். ரொம்ப நேரம் அசைவு இல்லன்னா அவன் செல்லுக்கு மெசேஜ் போவும். உடனே எனக்கோ செல்விக்கோ ஃபோன் பண்ணுவான்.

சார் அதுக்கு "மாமியார்"னு பேர் வெச்சாரு. நான் சும்மா உக்காந்திருந்தா, "கைய ஆட்டுய்யா பஞ்சரு, மாமியா பாக்குறா"ன்னுவாரு.

அடுத்த பவுர்ணமி வந்துச்சு. வூட்ட வுட்டுப் போனா மெஷின் காட்டிக் குடுத்துடும். மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா? ஹால்ல கொடி கட்டி, ஃபேனுக்கு அடியில ஈர வேட்டியத் தொங்கவுட்டாரு. வேட்டி ஆடுது, லைட் மினுக்குது. அவரு மலை சுத்தப் போய்ட்டாரு!

"கரண்ட் போச்சுன்னா மாட்டிக்குவீங்களே சார்?"

"அதெல்லாம் அண்ணாமலையாரு பாத்துக்குவாருய்யா."

மாசா மாசம் இதே கூத்து. காலையில வந்ததும் மொத வேலையா வேட்டிய எடுத்துடுவாரு. இந்தப் பவுர்ணமிக்கும் சுத்திட்டு வந்தாரு. காலெல்லாம் புழுதின்னு நேரா குளிக்கப் போயிருக்காரு. வேட்டி மட்டும் ஆடிக்கினே இருந்துச்சு.

நம்ம ஊர்ல கரண்ட் போவாத நாளு இருக்குதா? அன்னைக்குப் பாத்து போவவே இல்ல. அண்ணாமலையாரு நல்லா பாத்துக்கிட்டாரு.

எல்லாம் முடிஞ்சு ஹால்ல உக்காந்தோம். குமரேசன் செல்ல நீட்டினான். "ஒரு மெசேஜும் வரல மாமா. அப்பா நடமாடிக்கினு இருந்தாருன்னுதான நெனச்சேன்? நல்லாதான இருந்தாரு?"

மேல பாத்தேன். அவனும் பாத்தான். அத்தினி கூட்டத்துல அந்த வேட்டிய யாரும் எடுக்கல.

"இது என்ன மாமா?"

சொன்னேன். வேற என்ன பண்றது?

எழுந்து போயி ஃபேன் சுச்சு மேல கைய வெச்சான். வெச்ச கை அங்கயே நின்னுச்சு. அப்பறம் கைய எடுத்துட்டு, செவுத்தோரமா உக்காந்துட்டான். ஃபேன் ஓடிக்கினே இருந்துச்சு. வேட்டி ஆடுச்சு. வூட்ல ஆள் இருக்குதுன்னு லைட்டு மினுக்குச்சு.

போய்ட்டு வாங்க சார். இந்தத் தடவ சுத்து கொஞ்சம் ஜாஸ்தி போலக்குது. மெதுவா நடங்க. மாமியாருக்கு நான் கைய ஆட்டிக்கினு இருக்கேன்.