கட்டருக்கு ஐந்து அர்த்தம்

நான் பிடிவாதக்காரி என்று கோட்டைக்குள் எங்கள் தெரு முழுக்கப் பெயர் எடுத்தது ஒரு சாக்கடை வார்த்தையால்தான். அதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை.

மலையாள தேசத்தை மகாராஜா ஆண்ட காலம். எனக்குப் பத்து வயது. 'கட்டர்' (gutter) என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் கிடைக்குமோ அத்தனையும் எழுதிவரச் சொல்லியிருந்தார் எங்கள் டீச்சர்.

சித்தப்பா மராமத்து ஆபீஸ் குமாஸ்தா. ஊர் ஓடைகளைப் பற்றி இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர், அகராதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். நான் கேட்டதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கூரை விளிம்பிலிருந்து மழைத்தண்ணீரை அண்டாவுக்குக் கொண்டுவரும் பாத்தி ஒன்று. தெரு ஓடை இரண்டு. மெழுகுவர்த்தி வழிந்து அணையப் பார்ப்பது மூன்று. திறந்த புத்தகத்தின் நடுவில் இரு பக்கமும் சேருமிடம் நான்கு. ஐந்தாவதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கீழ்த்தரமான மனுஷா. உதாரணம் வேணும்னா, நம்மாத்துக் கொல்லைப்பக்கம் ஓடை அள்ள ஒருத்தி வராளே, அவாதான். எழுதிக்கோ, டீச்சர் அசந்துடுவா."

எழுதிக்கொண்டேன். வகுப்பில் வேறு யாரும் ஐந்து கொண்டுவரப் போவதில்லை என்ற கர்வம் வேறு.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று நான்கை வாசித்தேன். ஐந்தாவதில் நாக்கு நின்றுவிட்டது. ஓடை அள்ளுகிறவளின் மகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இருவர்தான். கணக்கில் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கிற அளவுக்குச் சிநேகம்.

"இன்னும் ஒண்ணு எழுதியிருக்கியல்லோ. வாசி," என்றார் டீச்சர்.

"மாட்டேன்."

பெஞ்சின்மேல் ஏறச் சொன்னார். ஏறினேன். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பிரம்பு இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது விழுவதற்குள் அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் தின்றதில்லை. வகுப்பு முழுவதும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். "நான் சொல்லுதேன் டீச்சர். எங்க அம்மய ஓவர்சியர் தெனமும் கட்டர்னுதான் கூப்பிடுதாரு. அஞ்சாவது அர்த்தம் நாங்கதான்."

தலையைக் குனியாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். டீச்சர் பிரம்பை மேஜையில் வைத்தார்.

மத்தியானம் அவளிடம் போய்ச் சிவந்த கையை நீட்டினேன். அவளுக்காக வாங்கிய அடி என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? அவள் கையைப் பார்க்கவே இல்லை.

"நீ எதுக்கு என்னயவே பாத்துக்கிட்டு நின்ன?" என்று கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும், "சித்தப்பா, நீங்க சொன்ன அஞ்சாவது நன்னாவே இல்லை. தின்னுட்டேன்," என்று முகத்துக்கு நேரே சொல்லி, இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டேன். அது வலிக்கவே இல்லை. அவள் கேட்டதுதான் வலித்தது. நன்றிகெட்டவள் என்று ஒரு மாதம் பேசாமலிருந்தேன். வாயை இறுக மூடிக்கொண்ட நான் கண்ணை அவள்மேலேயே வைத்திருந்தேன் என்பதும், அதைப் பார்த்துத்தான் வகுப்பே அவள் பக்கம் திரும்பியது என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை.