சிம்பா அப்பா இரண்டு

கத்திரியக்காவுக்கு மனிதர்களின் பெயர் மனதில் நிற்காது. பதினான்கு வருடமாக நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். கைப்பேசியில் நானூறு சொச்சம் எண்கள். அத்தனையும் புரூனோ அம்மா, ராக்கி அப்பா, மிட்டு சித்தப்பா என்றுதான் இருக்கும். வங்கி மேலாளரானாலும் சரி, பல் டாக்டரானாலும் சரி, அவளிடம் வந்துவிட்டால் நாய்க்கு உறவு, அவ்வளவுதான். பார்சல் வேன் ஓட்டும் கணவரையே ‘வேன்’ என்றுதான் பதிந்து வைத்திருந்தாள். “ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தா எனக்கும் ஒரு பேர் கிடைச்சிருக்கும்” என்று அவரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அழகு நிலையத்தில் புருவம் திருத்திக்கொண்டிருந்தவள் இந்தத் தொழிலுக்கு வந்தபோது ஊரெல்லாம் வெள்ளைப் பொமரேனியன். பிறகு ஒரு நாள், யாரோ கூட்டம் போட்டு முடிவெடுத்ததுபோல, எல்லோரும் பக் வாங்கினார்கள். கடை முழுக்கக் குறட்டைச் சத்தம். அப்புறம் லேப்ரடார். அதற்கப்புறம், மின்விசிறியே முக்கி முனகிச் சுற்றுகிற வீடுகளில்கூட ஹஸ்கி! அது குளியல் தொட்டியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுக்கும். ‘பனியில ஓடவேண்டியதைப் பால்கனியில கட்டிப்போட்டா என்ன செய்யும் பாவம்’ என்று அவளுக்கு எரிச்சலாக வரும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். இப்போது ஷிட்சுவும் பொம்மைபோல வெட்டிவிட்ட குட்டி பூடிலும்தான். மடியில் வைத்துக் கொஞ்சலாம், லிஃப்டில் கூட்டிப்போகலாம், அண்டை வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

பெயருக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் தடுக்கி விழுந்தால் டாமி. இப்போது சிம்பா. ஒரே பெயரில் இரண்டு வந்தால் பக்கத்தில் சாதியையும் சேர்த்துக்கொள்வாள்: புரூனோ அம்மா லேப், புரூனோ அம்மா பக். அதில் குழப்பம் வந்ததே இல்லை. போன வருடம் ஒரே வாரத்தில் புதிதாக இரண்டு சிம்பா வந்தன. ஒன்று ஷிட்சு. இன்னொன்று அவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத சாதி: இடுப்பு உயரம், ஒடுங்கிய முகம், தலையிலிருந்து தரைவரை பட்டுநூலாய்த் தொங்கும் முடி. ஆஃப்கன் ஹவுண்ட் என்று கூட வந்தவர் மூன்று முறை சொன்னார். கை முழுக்க சோப்பு நுரை. வாயில் நுழையாததை எப்படி எழுதுவது? ஒருவரை ‘சிம்பா அப்பா’ என்றும் மற்றவரை ‘சிம்பா அப்பா 2’ என்றும் போட்டுவிட்டு, சாதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நுரையைத் துடைத்தாள். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

அந்த ஆஃப்கனைக் கூட்டி வந்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி, தனியாக இருப்பவர். பேசினால் வரி போடுவார்கள் என்பதுபோல வாயைத் திறக்காத மனிதர். ஒரு நாள் காலை இரண்டாவது முறையாக நாயைக் கொண்டுவந்து விட்டார். “குளிப்பாட்டி வைங்கம்மா. அஞ்சு மணிக்குள்ள வந்துடறேன். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க” என்றார், போய்விட்டார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அன்றைய தினம் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மேலாகப் பார்த்தால் முடி கண்ணாடியாய் மின்னியது. ஆனால் அக்குளிலும் அடிவயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் ஒரே சிக்கு, கம்பளிபோல இறுகிக் கிடந்தது. அதற்குள் தோல் சிவந்து, சில இடங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது. சீப்பை வைத்ததும் நாய் சுருண்டு அழுதது. கத்திரியக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு: கேட்காமல் இயந்திரத்தைத் தொடமாட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சிம்பா அப்பா 2-ஐ அழைத்தாள்.

“சார், சிம்பாவுக்கு ரொம்பச் சிக்கு விழுந்திருக்கு. சீவினா உயிர் போற மாதிரி வலிக்கும். மிஷின் போட்டு எடுத்துரலாமா?”

“எடுத்துருங்கம்மா. மீட்டிங்ல இருக்கேன்.”

“உடம்பு பூராவா சார்? இவ்வளவு அழகான முடி...”

“பூராவும் எடுங்க. முடியை யாரு பாக்கறா? அவன் நிம்மதியா இருக்கட்டும்.”

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் பொறுமையாக எடுத்தாள். தோலுக்கு மருந்து தடவினாள். நாயும் சும்மா சொல்லக்கூடாது, கண்ணை மூடிச் சுகமாக நின்றது. வேலை முடிந்தபோது மேசைமேல் நனைந்த ஆட்டுக்குட்டிபோல நீளக் காலும் நீள மூக்குமாக ஒரு பிராணி நின்றது.

நாலரை மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். இடுப்பில் ஷிட்சு.

“ஏன்க்கா, இவனை நான் இப்பத்தானே தூக்கிட்டு வரேன்! முடியை முழுசா எடுக்கச் சொல்லிட்டேன்னு எங்க வீட்டுக்காரர் போன் பண்றாரு. காலையிலேயே விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டாராம்.”

கத்திரியக்கா கைப்பேசியில் இருந்த ‘சிம்பா அப்பா 2’-ஐப் பார்த்தாள், ஷிட்சுவைப் பார்த்தாள், மூலையில் நிம்மதியாகப் படுத்திருந்த ஆஃப்கனைப் பார்த்தாள். அந்தப் பெண்மணியிடம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். லிஃப்ட் மெக்கானிக்கே வரட்டும், அதுவரை என்ன பொய் சொல்லலாம் என்று யோசிக்கலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அப்படி உட்கார்ந்திருந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பட்டது. கடையைப் பூட்டினாள். நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவில் இரண்டு பேர் நின்று அது என்ன பிராணி என்று கேட்டார்கள்.

கையில் சீப்போடு கதவைத் திறந்தார் லிஃப்ட் மெக்கானிக். சன்னலோரம் ஒரு முக்காலி, அதற்கு எதிரே புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார்.

“இது யார் வீட்டு நாய்?” என்றார்.

“உங்க நாய்தான் சார். தப்பு என்மேல.” நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. பெயர் எழுதிய லட்சணத்தைக்கூடச் சொன்னாள்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நாய் வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்தது. “மறுபடி எப்ப வளரும்?”

“ஒன்றரை வருஷம் ஆகும் சார்.”

“அடுத்த மாசம் நாய்க் கண்காட்சி” என்றார். பிறகு, அதுவரை சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அவிழ்த்தார். “இவன் என் பொண்ணோட நாய்மா. வெளிநாட்டு வேலைக்குப் போகாதேன்னேன். கேக்காம போனா. நான் வழியனுப்பக்கூடப் போகல. ரெண்டு வருஷமா எங்கிட்ட பேச்சு இல்ல. தினம் அஞ்சு மணிக்கு வீடியோல வருவா, நாயைப் பாக்க. நான் சீவிக்கிட்டே இருப்பேன். இந்தப் பக்கம் திருப்புங்க, வாலைக் காட்டுங்க, அவ்வளவுதான் பேச்சு. கண்காட்சிக்காகத்தான் வரேன்னு சொல்லியிருக்கா. டிக்கெட்டும் எடுத்துட்டா. இனிமே அவ எதுக்கு வரணும்?”

கத்திரியக்காவுக்கு அந்தச் சிக்கின் கதை அப்போதுதான் விளங்கியது. கேமராவுக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் மனிதர் ஒரு நாள் விடாமல் சீவியிருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவர்தான் தேற்றவேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

கைப்பேசி ஒலித்தது. அவள் சட்டென்று கையை நீட்டினாள். “குடுங்க சார், நான் சொல்றேன். என்னையே திட்டட்டும்.”

அவர் அவள் கையை விலக்கிவிட்டு, நாயை முன்னால் இழுத்து நிறுத்தினார். திரையில் ஒரு பெண் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். துண்டு அப்படியே நின்றது.

“என்னப்பா இது?”

“சிக்கு விழுந்துருச்சு. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“யாரைக் கேட்டு? யாரைக் கேட்டு எடுத்தீங்க? எப்பவும் இப்படித்தான். நீங்களா முடிவு பண்ணுவீங்க, நீங்களா முறுக்கிக்குவீங்க! ஏர்போர்ட்ல கடைசி நிமிஷம்வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன், தெரியுமா உங்களுக்கு? டிக்கெட்டை ரத்து பண்ணப்போறேன். யாருக்காக வரணும் நான்?” குரல் உடைந்தது. திரை கருத்தது.

கத்திரியக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? உண்மையைச் சொல்லியிருந்தா உங்கமேல ஒரு பழியும் இல்லையே!”

“நீங்க பண்ணதுன்னா உங்ககூடச் சண்டை போட்டுட்டுப் போயிடுவாம்மா” என்றார் அவர். “நான் பண்ணதுன்னா எங்கூடத்தானே போடணும்.” கருத்த திரையையே பார்த்தார். “வாசலைப் பாத்துக்கிட்டு நின்னாளாம். எனக்கு இது தெரியவே தெரியாது.”

சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மறுபடி ஒலித்தது. பதற்றத்தில் நாயை முன்னால் இழுக்க மறந்துவிட்டார். திரை முழுக்க அவர் முகம்தான்.

“அப்பா,” என்றாள் மகள், “நான் இன்னும் பேசி முடிக்கல.”