தக்காளி மண்டியில் தொலைந்த மெக்சிகோ சம்பந்தி

இன்று காலை பாலக்கோடு தக்காளி மண்டியில் என் சம்பந்தியம்மாவைத் தொலைத்துவிட்டேன்!

(சிரிக்காதீர்கள்.)

சம்பந்தியம்மா பெயர் ரோசா. மெக்சிகோவில் குவாடலஹாரா என்ற ஊர். அங்கே ஐடி வேலைக்குப் போன என் ஒரே மகன் கார்த்தி, அவர் மகள் லூசியாவைக் கல்யாணம் செய்துகொண்டான். பேரனுக்குக் காது குத்த இப்போது எல்லோரும் ஊருக்கு வந்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறார். ஆனதும் வீட்டை விற்றுவிட்டு, மகனோடு மெக்சிகோவிலேயே செட்டில் ஆவதாகப் பிளான்.

அங்கே எல்லாம் ஸ்பானிஷ். எனக்குத் தெரிந்தது வணக்கம் சொல்லும் 'ஓலா' ஒன்றுதான்!

அதனால் சில மாதங்களாகவே உள்ளுக்குள் ஒரு பயம். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "உனக்கென்னடி, ஃபாரின் போகப்போற!" என்பார்கள்.

சரி, காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகனும் மருமகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணி எடுக்க சேலம் போய்விட்டார்கள். ரோசா தக்காளி மண்டி பார்க்க வேண்டும் என்று சைகை காட்டினார். அழைத்துப் போனேன்.

டிராக்டர், டெம்போ, ஏலம் விடும் சத்தம். தெரிந்த அம்மா ஒருவர் காதுகுத்து எப்போது என்று விசாரித்தார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் ரோசாவைக் காணோம்!

அவர் போனில் நம் ஊர் சிம் கிடையாது. அதைவிடப் பெரிய பயம், அவருக்குச் சுகர். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டவர், அரைத் தோசையோடு எழுந்துவிட்டார். இன்சுலின் போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும்.

ஏலக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணா, ஒரு ஃபாரின் அம்மா இப்படி வந்தாங்களா?"

"ஃபாரினா? வெள்ளைக்காரங்க யாரும் வரலீங்களே!"

அப்போதுதான் உறைத்தது. ரோசா வெள்ளைக்காரி இல்லை! நம் நிறம், நம் உயரம். போதாததற்கு என் நீலச் சேலையை ஆசையாக நானே கட்டிவிட்டிருந்தேன்!

"நீலச் சேலைங்க, குட்டை முடி. பேசுனா பதில் சொல்ல மாட்டாங்க."

பக்கத்தில் நின்ற டெம்போ டிரைவர் திரும்பினார்.

"அவங்களா? வண்டிக்குக் குறுக்க நின்னாங்க. தள்ளி நில்லுங்கம்மான்னேன், முழிச்சாங்க. கன்னடத்துலயும் சொல்லிப் பாத்தேன். காது கேக்காதாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேனுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கமா போனாங்க."

பஸ் ஸ்டாண்ட்! ஓசூர் பஸ் எதிலாவது ஏறியிருந்தால்? மயங்கி விழுந்திருந்தால்?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, ரோசாவக் காணோம்!"

"காணோமா? கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போகக் கூடாதா? இரு, வண்டிய எடுத்துட்டு வர்றேன். கார்த்திக்குச் சொல்லிட்டியா?"

"என்னன்னு சொல்றது? உன் மாமியாரத் தொலைச்சிட்டேன்னா?"

அழுதுகொண்டே ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தையல் கடை வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்துக் கை தட்டினார்.

"அக்கா, யாரயாவது தேடறீங்களா? உள்ள ஒரு அம்மா இருக்கறாங்க!"

உள்ளே ஸ்டூலில் ரோசா! முகம் வெளிறி, சேலையெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். நானும்தான்.

தையல்காரப் பெண்ணின் பெயர் ஷமீம். அவர்தான் சொன்னார்.

"வாசல்ல வந்து சாஞ்சிட்டாங்கக்கா. வேர்த்து ஊத்துது. தண்ணி குடுத்தா தள்ளி வுடறாங்க. 'அசூக்கர், அசூக்கர்'னாங்க. நாங்க வூட்ல உருதுங்க, சக்கரைய ஷக்கர்னுதான் சொல்லுவோம். அதத்தான் கேக்கறாங்களோன்னு தண்ணில நெறைய போட்டுக் கரைச்சிக் குடுத்தேன். மடமடன்னு குடிச்சாங்க!"

ஸ்பானிஷில் சர்க்கரைக்கு அசூக்கர்தானாம்!

ஷமீம் கடை வாசலில் சாய்ந்ததால் பிழைத்தார். வேறு கடை வாசலில் சாய்ந்திருந்தால்?

வீட்டுக்காரர் வந்தார். டாக்டரிடம் காட்டினோம். பயமில்லை என்றார். (ரோசாவுக்குத்தான். என் பிபியை அவர் பார்க்கவில்லை!)

மதியம் மகனும் மருமகளும் வந்துவிட்டார்கள். மருமகள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரோசா என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். கார்த்தி மெதுவாகத் தமிழில் சொன்னான்.

"கூட்டத்துல உன்னத் தேடிட்டே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிட்டாங்களாம்மா. கத்துனா யாராச்சும் ஓடி வருவாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமாம். ஆனா என்ன சொல்லிக் கத்தறதுன்னு தெரியலியாம். அதான் ரொம்ப பயந்துட்டாங்களாம்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"எனக்கும் அதே பயந்தாண்டா! இங்க அடிக்கடி வர்ற வீசிங் எனக்கு அங்கயும் வந்தா, ரோட்ல யாரப் புடிச்சி என்னன்னுடா சொல்லுவேன்?"

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?"

நான் பதில் சொல்லும் முன், ஊரெல்லாம் மெக்சிகோ பெருமை பேசித் திரிகிற என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"எனக்குந்தாண்டா பயமா இருக்குது."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை!

லூசியா எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னாள். ரோசா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் நெஞ்சில் கை வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நோ புவேதோ ரெஸ்பிரார்."

மூச்சு விட முடியவில்லை என்று அர்த்தமாம். சரியாக வரும்வரை விடவில்லை. பிறகு நான் அவருக்கு "மயக்கமா இருக்குது" சொல்லிக் கொடுத்தேன். "மயக்கமா இருக்கூ"வில் நிற்கிறார்.

சாயங்காலம் பேசி முடிவு செய்துவிட்டோம். வீடு விற்பனைக்கு இல்லை! பூட்டிவிட்டு முதலில் ஆறு மாதம் போய் இருந்து பார்ப்போம். சரிப்பட்டால் மேற்கொண்டு பேசலாம். கார்த்தியும் சரி என்றுவிட்டான்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பயம் ஆகிவிட்டது, அவ்வளவுதான். அதுவே கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருக்கிறது.

ஷமீம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. காதுகுத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள்!

நண்பர்களே, அறுபதை நெருங்கும்போது பாஷை தெரியாத நாட்டுக்குக் குடிபோனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதல் தடவை தனியாகக் கடைக்குப் போய் வந்த கதையைக் கமெண்டில் சொல்லுங்கள்.

நல்லபடியாக வீடு திரும்பியவர்கள் மட்டும், ப்ளீஸ்!